அடைபட்ட வெளியில் ஒலி: கணனி மாதிரியுருக்களின் துல்லியமும் ஊவாத் தோட்டங்களும்

1

இசைமண்டபம், திரையரங்கு, விரிவுரைக்கூடம் முதலியவற்றைக் கட்டுவதற்கு முன்னரே, அவற்றுள் ஒலி எவ்வாறு பரவும், எவ்வளவு நேரம் நிலைக்கும், எந்த இருக்கையில் பேச்சுத் தெளிவாகக் கேட்கும் என்பனவற்றைக் கணனி கொண்டு கணித்தறிதல் இன்று கட்டடக் கலைஞரின் வழக்கமான நடைமுறைகளுள் ஒன்றாகிவிட்டது. வரைபடத்தையும் சுவர்ப் பொருள்களின் இயல்புகளையும் கொடுத்தால், நிறந்தீட்டிய படங்களாகவும் எண்களாகவும் விடை கிடைக்கிறது. கட்டப்படாத மண்டபத்தில் இசை எவ்வாறு ஒலிக்கும் என்பதைக் காதால் கேட்பதும் இயலுவதாயிற்று. இத்தகைய மாதிரியுருக்கள் எவ்வளவு துல்லியமானவை என்பது ஒலியியலாளரிடையே நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் வினாவாகும். ஆயினும், எந்த இடத்துக்கு, எந்த வினாவுக்கு, யாருடைய தேவைக்குத் துல்லியம் என்ற வினா அதே அளவு அழுத்தத்துடன் எழுப்பப்பட்டதாகக் கூறமுடியாது.

இவ்வினாவைப் பதுளை மாவட்டத்தையும் ஊவாவின் ஏனைய தோட்டப் பகுதிகளையும் முன்வைத்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாய்வை நோக்கமாகக் கொண்ட ஏடொன்றில் இத்தகைய பொருள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலே தமிழ் பேசப்பட்டதும் பாடப்பட்டதும் குறிப்பிட்ட சில அடைபட்ட வெளிகளுக்குள்ளேதான். லயத்துக் காம்பரா, தோட்டப் பாடசாலை, தேயிலைத் தொழிற்சாலை ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. ஒரு மக்கட் கூட்டத்தின் பேச்சும் பாட்டும் ஆராயப்படத்தக்கவை என்றால், அவை எழுந்த இடத்தின் ஒலியியல்பும் ஆராயப்படத்தக்கதே.

2

இத்துறையின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஃபொக் அரும்பொருட்சாலையின் விரிவுரைக்கூடத்தில் பேச்சு விளங்காதிருந்தமைக்குக் காரணங் காணும் பணி 1895இல் வொலஸ் கிளெமென்ற் சபின் என்ற இளம் பௌதிகவியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அயலிலிருந்த அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவந்து அடுக்கி, ஓர்கன் குழாயை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அவர் அளந்தார். அந்த அளவீடுகளிலிருந்து பிறந்ததே எதிர்முழக்கக் காலம் என்ற கருத்தாகும். ஒலிமூலம் நின்றபின் ஒலிமட்டம் 60 தெசிபெல் வீழ்வதற்கு எடுக்கும் நேரமே எதிர்முழக்கக் காலமாகும். இடத்தின் கனவளவைக் கன மீற்றரில் எடுத்து, 0.16 ஆற் பெருக்கி, அவ்விடத்தின் மொத்த ஒலியுறிஞ்சலால் வகுத்தால் அக்காலம் செக்கனில் கிடைக்கும். இச்சூத்திரத்தின் துணையுடன் எழுந்த பொஸ்ரன் சிம்பனி மண்டபம் 1900இல் திறக்கப்பட்டது.

சபின் உறிஞ்சலுக்கு எடுத்துக்கொண்ட அலகு கவனத்திற்குரியது. திறந்த சாளரத்தின் பரப்பையே அவர் அலகாகக் கொண்டார். சாளரத்தின் வழியே வெளியேறிய ஒலி மீண்டும் அறைக்குள் வருவதில்லை; ஆகவே அது முற்றாக உறிஞ்சப்பட்டதாகவே கருதப்படும். பொஸ்ரன் நகர மண்டபத்திற்கு இக்கருத்து முற்றிலும் பொருந்தும். லயத்துக் காம்பராவுக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதைப் பின்னர் நோக்குவோம்.

கணனி இத்துறைக்குள் நுழைந்தது 1960களிலாகும். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மன்பிறட் ஷ்றோடரும் அவரது சகாக்களும் 1962இல் இவ்வழியைச் சுட்டிக்காட்டினர். அதே ஆண்டு நியூயோர்க்கில் பெரும் எதிர்பார்ப்புடன் திறக்கப்பட்ட பில்ஹார்மொனிக் மண்டபம் ஒலியியல் அடிப்படையில் குறைபாடுடையதாக அமைந்து, 1976இல் உட்புறம் முழுவதும் திருத்தியமைக்கப்பட்டது. 2022இல் மீண்டும் ஒருமுறை புதுக்கப்பட்டது. பெரும் பணச் செலவுடன் கூடிய இத்தகைய தோல்விகள், முன்கூட்டியே கணிக்கும் ஆர்வத்தை வளர்த்தன. 1968இல் நோர்வேயின் துறொண்ட்ஹைம் நகரில் குறொக்ஸ்ராட், ஸ்துறோம், சோர்ஸ்டால் ஆகிய மூவர் ஒலிக்கதிர்களைக் கணனியிற் பின்தொடரும் முறையை வெளியிட்டனர். 1979இல் அலன், பேர்க்லி என்போர் சிறு அறைகளுக்கான விம்ப முறையை வகுத்தனர். டென்மார்க்கின் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் 1984இல் தொடங்கப்பட்ட ஓடியன் என்ற செயற்றிட்டம் பின்னர் வணிகப் பொருளாகி உலகெங்கும் பரவியது.

இவையனைத்துக்கும் பொதுவான எடுகோள் ஒன்றுண்டு. ஒலி ஒளியைப்போல நேர்கோட்டிற் செல்கிறது என்றும், சுவர் சற்று மங்கிய கண்ணாடிபோல அதனைத் தெறிக்கச் செய்கிறது என்றும் இவை கொள்கின்றன. ஒலியின் அலைநீளம் சுவர்களின் அளவோடு ஒப்பிடுகையிற் சிறியதாக இருக்கும்வரை இந்த எடுகோள் நன்கு பயன்படும். அலைநீளமும் அறையின் நீளமும் ஒன்றையொன்று நெருங்கும்போது எடுகோள் தளர்கிறது.

3

துல்லியம் பற்றிய சோதனைகளை இத்துறையினரே நேர்மையுடன் நடத்தியுள்ளனர் என்பதை முதலிற் பாராட்டுதல் வேண்டும். ஜேர்மனியின் பிறவுன்ஷ்வைக் நகரிலுள்ள தேசிய அளவையியல் நிறுவனத்தின் கேட்போர்கூடம் ஒன்றை எடுத்து, பல நாட்டினரின் செயற்றிட்டங்கள் அதனை எவ்வாறு கணிக்கின்றன என்று மிகாயேல் வோர்லெண்டர் ஒப்பிட்டு, முடிவுகளை 1995இல் வெளியிட்டார். ஏறத்தாழ 1,800 கன மீற்றர் கனவளவுடைய அக்கூடத்தை 14 செயற்றிட்டங்கள் கணித்தன. முதற்கட்டத்தில் சுவர்ப் பொருள்களின் விவரணை மாத்திரம் கொடுக்கப்பட்டது. உறிஞ்சற் குணகங்களைப் பங்குபற்றியோரே மதிப்பிட்டனர். விடைகள் பெரிதும் சிதறின. இரண்டாங் கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே குணகங்கள் கொடுக்கப்பட்டன. அப்போதும் மூன்று செயற்றிட்டங்களே ஐயத்திற்கிடமின்றி நம்பத்தக்கன எனக் கூறத்தக்க விடைகளைத் தந்தன. கரடான பரப்புகளில் ஒலி சிதறித் தெறிப்பதைக் கணக்கிற் கொண்டமை அம்மூன்றுக்கும் பொதுவான இயல்பாக இருந்தது.

பின்னர் இங்கொல்ஃப் போர்க் என்பவர் சுவீடனின் யொன்ஷொப்பிங் நகரிலுள்ள பெருமண்டபம் ஒன்றையும், அதன்பின் இசைப்பதிவுக் கூடம் ஒன்றையும் கொண்டு இவ்வொப்பீட்டைத் தொடர்ந்தார். 2019இல் பிறிங்மன் முதலியோர் வெளியிட்ட ஒப்பீடு, எண்களோடு நில்லாது கேட்போரின் செவியையும் நீதிபதியாக்கியது. கணனி ஆக்கிய ஒலியை உண்மையான இடத்தின் ஒலியினின்றும் கேட்போர் வேறுபிரித்தறிந்தனர். வடிவியல் எடுகோள்கள் பொருந்தாத இடத்தில் வழுக்கள் வெளிப்படையாகத் தெரிந்தன. ஆறு தசாப்தகால வளர்ச்சிக்குப் பின்னரும் நிலைமை இதுவேயாகும்.

இச்சோதனைகளிலிருந்து நாம் பெறத்தக்க முடிபுகள் இரண்டு. முதலாவது, துல்லியம் செயற்றிட்டத்தின் உள்ளார்ந்த குணமன்று. உள்ளிடப்படும் தரவும், கேட்கப்படும் வினாவும், கணிக்கும் முறையும் ஒன்றோடொன்று பொருந்துவதாற் பிறப்பதே துல்லியம். இரண்டாவது, ஒப்பிடுவதற்கு அளவீடு இல்லையெனில் துல்லியம் என்ற சொல்லுக்கே பொருளில்லை. மேற்கூறிய கூடங்கள் ஒவ்வொன்றும் ஒலிவாங்கி கொண்டு நுணுக்கமாக அளக்கப்பட்டவை. சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களின் பட்டியலைப் பார்த்தால், கேட்போர்கூடம், இசைமண்டபம், பதிவுக்கூடம் என்பனவே பெரும்பாலும் காணப்படுகின்றன. இக்கருவிகள் எந்தச் சமுதாயத்தின் எந்தப் பிரிவினரது செவியை அளவுகோலாகக் கொண்டு வளர்ந்தன என்பது இதிலிருந்தே புலனாகும்.

4

இப்பொழுது ஊவாத் தோட்டமொன்றின் லயத்துக் காம்பராவுக்கு வருவோம். பன்னிரண்டு அடி நீளமும் பத்து அடி அகலமும் கொண்ட காம்பரா மலையகத்தில் எல்லோரும் அறிந்த அளவு. கூரை சராசரியாக எட்டு அடி உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் கனவளவு ஏறத்தாழ 27 கன மீற்றர். சுவர், நிலம், கூரை ஆகியவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 55 சதுர மீற்றர்.

முதலில் முறையைச் சோதிப்போம். ஓர் அறையில் எந்த மீடிறனுக்கு மேல் கதிர் முறையை நம்பலாம் என்பதற்கு ஷ்றோடர் தந்த எளிய விதி ஒன்றுண்டு. எதிர்முழக்கக் காலத்தைக் கனவளவால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2000 ஆற் பெருக்க வேண்டும். பெரிய இசைமண்டபமொன்றுக்கு இது ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் ஆகும். அதாவது மனிதச் செவி கேட்கும் எல்லை முழுவதும் கதிர் முறைக்குள் அடங்கிவிடும். நமது காம்பராவுக்கோ அது 350 முதல் 500 ஹேர்ட்ஸ் வரை வருகிறது. ஆணின் பேச்சுக்குரலின் அடிப்படை மீடிறன் 100 ஹேர்ட்சை அண்மியது. பெண்ணினது 200 ஹேர்ட்சை அண்மியது. ஆக, பேசுபவரின் குரலின் அடித்தளமே கதிர் முறை தளரும் எல்லைக்குள் வீழ்கிறது. காம்பராவின் நீளத்திற்குரிய மிகத் தாழ்ந்த பரிவு மீடிறன் ஏறத்தாழ 47 ஹேர்ட்ஸ். அதற்கு மேலே பரிவுகள் தனித்தனியாக நின்று, ஒரு மூலையில் குரலை மிகுவித்தும் மறுமூலையில் குறைத்தும் விடும். அலைச் சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்கும் முறைகள் இன்றுள்ளன. ஆயின், கணிக்கும் மீடிறனை இருமடங்காக்கினால் கணிப்புவேலை ஏறத்தாழப் பதினாறு மடங்காகும். காம்பரா சிறிதாகையால் இச்செலவு தாங்கக்கூடியதே. எனினும் அம்முறைகளுக்கும் சுவரின் இயல்பு தெரிந்திருத்தல் வேண்டும்.

அடுத்துத் தரவை நோக்குவோம். கருங்கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டி, சுண்ணாம்போ சாணமோ பூசிய சுவரின் உறிஞ்சற் குணகம் என்ன? ஆண்டுக்கணக்கான அடுப்புப் புகையேறிய தகரத்தின் குணகம் என்ன? ஐரோப்பிய ஆய்வுகூட அட்டவணைகளில் இவற்றுக்கு நேரான பதிவு கிடையாது. கணிப்பவர் அருகிலுள்ள ஏதேனும் ஒரு பொருளின் எண்ணை எடுத்துப் போடுவார். சராசரிக் குணகம் 0.05 என்று அவர் கொண்டால், வெற்றுக் காம்பராவின் எதிர்முழக்கக் காலம் 1.6 செக்கன் என வரும். 0.10 என்று கொண்டால் 0.8 செக்கன் என வரும். இரண்டு எண்களும் நம்பத்தக்கனவாகவே தோன்றும். ஆயின் விடை பாதியாகிறது. எதிர்முழக்கக் காலத்தில் ஏறத்தாழ 5 வீத வேறுபாட்டையே மனிதச் செவி உணரவல்லது என்பது ஒலியியலாளர் கொள்ளும் அளவு. அவ்வாறாயின், இங்கே நூறு வீத மயக்கத்தின் மீது வரையப்படும் நிறப்படத்திற்கு என்ன மதிப்பு? மேலும், காம்பரா ஒருபோதும் வெறுமையாக இருப்பதில்லை. ஒருவர் ஏறத்தாழ அரைச் சதுர மீற்றர் உறிஞ்சலைத் தருவார் என்று கொண்டால், ஐந்து பேர் கொண்ட குடும்பம் தன் உடல்களாலேயே சுவர்கள் அனைத்துக்கும் நிகரான உறிஞ்சலைத் தருகிறது. நெருக்கடியே இங்கு ஒலியியற் பொருளாகிவிடுகிறது.

ஆனால் நாம் வலியுறுத்த விரும்பும் செய்தி இவற்றிலும் அடிப்படையானது. பழைய லயங்கள் பலவற்றில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரையைத் தொடுவதில்லை. பன்னிரண்டு அடிச் சுவரின் மேலே ஓர் அடி இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 1.1 சதுர மீற்றர். சபினின் முறைப்படி இது திறந்த சாளரம்; முழு உறிஞ்சல். இதனைக் கணக்கிற் சேர்த்ததும் 1.6 செக்கன் 1.1 செக்கனாகக் குறைகிறது. எதிர்முழக்கம் குறைந்தமையால் பேச்சுத் தெளிவு கூடிவிட்டது என்று செயற்றிட்டம் அறிக்கை தரும். காம்பரா மேம்பட்டுவிட்டது போலும்!

உண்மையில் நிகழ்ந்தது என்ன? அந்த ஒலி உறிஞ்சப்படவில்லை. அது அடுத்த காம்பராவுக்குச் சென்றது. சூத்திரம் இழப்பு என்று எழுதிய அதே அளவு ஒலி அயல்வீட்டாரின் செவிக்கு வரவாகிறது. கணவனும் மனைவியும் இரவிற் பேசியதும், நோயாளியின் இருமலும், குழந்தையின் அழுகையும், தொழிற்சங்கம் பற்றி இரகசியமாக நடந்த உரையாடலும் அந்த இடைவெளியின் வழியே சென்றன. கங்காணியின் செவிக்கு எது எட்டும், எட்டாது என்பது தோட்டத்தில் வேலையையும் வாழ்வையும் பாதித்த விடயம். அதே வழியாகத்தான் பிரசவ வேதனையின் முனகலும் சாவு வீட்டின் அழுகையும் சென்று, அழைக்காமலே அயலாரைக் கொண்டுவந்து சேர்த்தன என்பதையும் மறுக்கலாகாது. ஒட்டுக்கேட்டலும் உற்றுதவுதலும் ஒரே துவாரத்தின் இரு விளைவுகளாகும்.

இணைந்த அறைகளை ஒன்றாகக் கொண்டு கணிக்கும் வழிகள் ஒலியியலில் இல்லாமலில்லை. நல்ல பொறியியலாளர் ஒருவர் லயம் முழுவதையும் ஒரே நீண்ட வெளியாக வரைந்து, ஒரு காம்பராவின் பேச்சு மூன்றாவது காம்பராவில் எந்த மட்டத்திற் கேட்கும் என்று கணிக்கலாம். கருவியால் இது முடியும். கேட்கப்படவில்லை என்பதே குறை. ஒரு தனி அறைக்குள் கேட்கும் தன்மை எவ்வாறு என்பது கருவியின் வழக்கமான வினா. யார் பேசியதை யார் கேட்டார் என்பது லயத்தின் வினா. முதலாவது வினாவுக்குக் கிடைக்கும் விடை எத்துணைத் துல்லியமாயினும் இரண்டாவதற்கு அது விடையாகாது.

இவ்விடத்தில் நம்மவர் பக்கமும் சிறிது திரும்புதல் நியாயம். சி.வி. வேலுப்பிள்ளை, என்.எஸ்.எம். இராமையா, ஊவா மண்ணிற் பிறந்த தெளிவத்தை ஜோசப் முதலியோர் மலையக வாழ்வை இலக்கியமாக்கியபோது லயத்து வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தே எழுதினர். அவர்களது ஆக்கங்களை ஆராய்ந்த நமது விமர்சனமோ லயத்தைப் பெரும்பாலும் கண்ணால் மாத்திரமே நோக்கியுள்ளது. இருள், புகை, ஒழுக்கு, நெருக்கடி ஆகியன பற்றி வேண்டிய அளவு எழுதியிருக்கிறோம். அங்கே தனிமையான பேச்சு எவ்வளவு சாத்தியமாயிருந்தது, தாலாட்டும் ஒப்பாரியும் எத்தனை காம்பராக்களுக்குப் பொதுவாயின என்பன பற்றி எழுதவில்லை. கணனிக்காரரின் குறையை மாத்திரம் கூறி நமது குறையை மறைத்தல் தகாது.

5

தோட்டப் பாடசாலையை எடுத்துக்கொண்டால், துல்லியமான விடையும் பயனற்றுப்போகும் மற்றொரு வகையைக் காணலாம். 1970களில் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியபோது, அவற்றுட் பல ஒரே கூடமாகவே இருந்தன. இடைச்சுவரின்றி வகுப்புகள் அருகருகே நடந்தன. கூரை தகரம். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி, வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 தெசிபெலுக்கு மேற்படலாகாது என்றும், எதிர்முழக்கக் காலம் 0.6 செக்கனை அண்டியிருத்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. இரண்டாவது எண்ணைக் கணனி நன்கு கணித்துத் தரும். முதலாவதோ கட்டடத்தின் வடிவத்தில் மாத்திரம் தங்கியதன்று.

பதுளைப் பகுதி தன் மழையின் பெரும்பங்கை வடகீழ்ப் பருவக்காற்றின்போது, ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாதங்களிற் பெறுகிறது. மெல்லிய தகரத்தின் மீது கனமழை விழும்போது, கூரை முழுவதுமே ஓர் ஒலிமூலமாகிவிடுகிறது. வழக்கமான மாதிரியுருவிற் கூரை என்பது ஒலியைத் தெறிக்கச் செய்யும் பரப்பு மாத்திரமே. தானே முழங்கும் பரப்பன்று. கணிப்பவர் மழையைத் தனியொரு மூலமாக வேண்டுமென்றே சேர்த்தாலன்றி, செயற்றிட்டத்தினுள்ளே என்றும் வெயிற்காலந்தான். எதிர்முழக்கக் காலத்தை மிகத் திருத்தமாகக் கணித்து, அதற்கேற்பச் சுவரிலே உறிஞ்சற் பலகை பொருத்திய கூடத்திலும், மழை வந்ததும் ஆசிரியை வாயை மூடிக்கொண்டு கரும்பலகையில் எழுதத்தான் நேரும். மொழி அறிவை முதன்மையாகச் செவிவழி பெறும் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு இது சிறிய இழப்பன்று.

தேயிலைத் தொழிற்சாலை இதற்கு மாறான பாடமொன்றைத் தருகிறது. ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற மணத்தைத் தருவது ஆடி முதல் புரட்டாதி வரையிலான வரண்ட காற்றுக் காலம். அக்காலத்திற் கொழுந்து வாட்டும் மாடியின் விசிறிகளும், கீழ்த்தளத்தில் உருட்டும், சலிக்கும் இயந்திரங்களும் உலைகளும் இடைவிடாது இயங்குகின்றன. நீண்டு தாழ்ந்த, இயந்திரங்கள் செறிந்த இத்தகைய வெளிக்குச் சபினின் சூத்திரம் பொருந்தாது. ஒலி எங்கும் சமமாகப் பரவியிருப்பதாக அது கொள்வதே காரணம். ஆயினும் தொழிற்கூடங்களின் இரைச்சலைக் கணிக்கத்தக்க கதிர் முறை ஒன்றை 1989இல் பிரான்சில் ஒந்தே, பார்ப்ரி என்ற இருவர் வெளியிட்டனர். தொழிலாளரின் பாதுகாப்புக்கென அந்நாட்டில் இயங்கும் தேசிய நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். தொழிலாளரின் செவியைக் காப்பது சட்டக் கடமையாகவும் சங்கங்களின் கோரிக்கையாகவும் ஆன இடத்தில், விஞ்ஞானமும் தொழிற்கூடத்தை நோக்கித் திரும்பியது. ஒலியியல் இயல்பாகவே இசைமண்டபத்தின் பக்கம் நிற்பதன்று. எவர் கேள்வி கேட்கிறாரோ, எவர் செலவை ஏற்கிறாரோ அவரது இடமே அளக்கப்படுகிறது.

நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் 85 தெசிபெலுக்கு மேற்பட்ட இரைச்சலில் ஆண்டுக்கணக்காக வேலை செய்வோருக்குச் செவிப்புலன் குறையும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட உண்மை. உருட்டுமிடத்தில் நிற்பவரது செவிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு இரைச்சல் எட்டுகிறது என்பதை ஒவ்வொரு தொழிற்சாலையிலும் அளந்து, தொழிலாளருக்குத் தாய்மொழியில் அறிவித்தல் மாதிரியுரு ஆக்குவதிலும் முந்திய கடமையாகும்.

6

மேலே கூறியவற்றிலிருந்து, மேனாட்டுக் கருவி நமக்குத் தேவையில்லை என்று எவரேனும் முடிவுகட்டினால் அது தவறாகும். கருவியை வழிபடுவதும் கருவியை ஒதுக்குவதும் ஒரே அறியாமையின் இரு வடிவங்களே. வெனிசு நகரின் லா ஃபெனீச்சே அரங்கு 1996 சனவரியில் எரிந்துபோனது. அதற்குச் சற்று முன்னரே அதன் ஒலியியல்பு அளந்து பதிவுசெய்யப்பட்டிருந்தது. பாரிசின் நொத்ர்தாம் பேராலயம் 2019 ஏப்பிரலில் தீப்பற்றியபோதும், முன்னர் எடுக்கப்பட்ட அளவீடுகளுடன் ஒப்பிட்டுத் திருத்திய கணனி மாதிரியுரு ஒன்று ஆய்வாளரிடம் இருந்தது. அழிந்த இடத்தின் ஒலியை மீட்பதற்கு அவை துணைநின்றன. மாதிரியுரு அங்கே நம்பகமானதாயிற்று. ஏனெனில் அதற்குச் சாட்சியாக அளவீடு இருந்தது.

கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 ஒக்ரோபர் 29 அன்று மண்சரிவில் லயங்கள் மக்களோடு புதையுண்டன. உயிரிழப்பின் முன்னே ஒலியைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். அம்மக்களுக்கு வேண்டியிருந்தது அளவீடன்று. பாதுகாப்பான நிலத்தில் ஒரு வீடு. அதேபோல, லயத்தின் சுவர் இடைவெளியை அடைக்கும் பரிகாரமும் ஒலியியற் பலகையன்று. தனி வீடும் அதற்குரிய நில உறுதியுமேயாகும். மத்திய, ஊவா மாகாணங்களில் இந்திய உதவியுடன் ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் அமைக்கப்பட்ட தனிவீடுகள் அத்திசையில் ஓர் அடியே. கணிசமான குடும்பங்கள் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றன. இவ்வுண்மையை மறந்து லயத்தைப் பழம்பொருளாக அழகுபடுத்தும் எவ்வித முயற்சிக்கும் நாம் உடன்பட முடியாது.

ஆயினும், மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவு 2023இல் நினைவுகூரப்பட்ட பின்னர், தோட்ட வாழ்வை அரும்பொருட்சாலையிலும் திரையிலும் கணனியிலும் மீளமைக்கும் ஆர்வம் பெருகிவருகிறது. நாளை ஒருவர் காதணி ஒன்றை மாட்டி, "இதுவே லயத்தின் ஒலி" என்று நமது பிள்ளைகளுக்குக் கேட்பிக்கலாம். அது எதனுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்று அப்போது கேட்க வேண்டியிருக்கும். அட்டவணையிலிருந்து கடன்வாங்கிய குணகங்களால், அடைத்த சுவர்களுடன், மழையில்லாத கூரையின்கீழ் ஆக்கப்பட்ட ஒலி லயத்தின் ஒலியாகாது. அளவீடு இல்லாதவிடத்து, அதனை மறுப்பதற்கும் நம்மிடம் சான்று இராது.

இதற்கு வேண்டிய கருவி பெரிதன்று. ஊதிய பலூனை உடைத்தோ கைதட்டியோ எழுப்பும் ஒலியைப் பதிவுசெய்து, அது தேயும் வகையிலிருந்து எதிர்முழக்கக் காலத்தைக் காணும் முறையை ஷ்றோடர் 1965இலேயே தந்துவிட்டார். சாதாரண அறைகளை அளக்கும் ஒழுங்குகளைச் சர்வதேச நியமம் 2008 முதல் வகுத்துத் தந்துள்ளது. ஒலிமட்ட மானியும் மடிக்கணனியும் நல்ல ஒலிவாங்கியும் பெரும்பகுதி வேலைக்குப் போதும். பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் உண்டு. பௌதிக மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்து, ஒரு லயம், ஒரு பாடசாலைக் கூடம், ஒரு தொழிற்சாலைத் தளம் என்று தொடங்கலாம். காம்பராவில் ஆட்கள் இருக்கும்போதும் இல்லாதபோதும், வெயிலிலும் மழையிலும், ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கும் அளத்தல் வேண்டும். அங்கு வாழ்ந்தோரையும் வாழ்வோரையும் அணுகி, எது கேட்டது, எது கேட்கக்கூடாதிருந்தது, விடியலில் பிரட்டுத் தப்பு எத்தனை லயங்களை எழுப்பியது என்பனவற்றை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அளவீட்டை அவர்கள் அனுமதியுடன் செய்து, முடிவை முதலில் அவர்களிடமே கையளித்தல் வேண்டும். காமன் கூத்து ஆடப்படும் திறந்த பொட்டலை மண்டபத்திற்குள் கொண்டுவரும் கலைஞருக்கும், தப்பின் அடுத்தடுத்த அடிகள் ஒன்றோடொன்று கலந்து மங்காதிருக்க மண்டபம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு இத்தகைய தரவே பயன்படும்.

கணனி மாதிரியுரு துல்லியமானதா என்ற வினாவுக்கு, ஆம் என்றோ இல்லை என்றோ விடையளிக்க நாம் முற்படவில்லை. பொஸ்ரனுக்கும் யொன்ஷொப்பிங்குக்கும் அது பெருமளவு துல்லியமாயிற்று. அவை அளக்கப்பட்டன, அவற்றுக்குரிய வினாக்கள் கேட்கப்பட்டன. பசறைக்கும் மடுல்சீமைக்கும் அது துல்லியமற்றது என்று கூறுவதற்கும் இன்று அடிப்படையில்லை, அளவீடு தொடங்கவில்லை. அத்தொடக்கத்தைச் செய்யும் பொறுப்பு கருவியை ஆக்கியோரிடம் இல்லை. அந்த லயங்களிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு வந்துசேர்ந்தோரிடமும், அவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் நம்மிடமுமே அது உள்ளது.